இரண்டு விரற்கடைக் கம்பியில் ஓர் ஆகாய விமானம்

டிரான்ஸிஸ்டர் ரேடியோ வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில், அகளியில் குடியிருந்தவர்களுக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. கோவை வானொலி கரகரத்தால் பெட்டியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். ஏதோ ஒரு திசையில் கரகரப்பு அடங்கி, நாதஸ்வரம் தெளிவாகக் கேட்கும். அப்படியே வைத்துவிட்டு, “யாரும் தொடக்கூடாது” என்று குழந்தைகளுக்கு உத்தரவு போடுவார்கள். பெட்டிக்குள்ளே ஒரு கரிய குச்சி இருக்கிறது, அலையைப் பிடிப்பது அதுதான், அது கிடக்கும் வாக்கைப் பொறுத்தே பாட்டு கேட்கும் என்ற விவரம் பலருக்குத் தெரியாது. ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கையறிவு இன்றைக்கு வேறு ஒரு காரியத்துக்குத் தேவைப்படுகிறது. நம் பிள்ளைகள் விமானம் விட ஆரம்பித்திருக்கிறார்கள். காகித விமானம் அல்ல. மோட்டார் வைத்து, ரேடியோ வைத்து, தரையில் நின்றுகொண்டே ஓட்டும் மாதிரி விமானம்.

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அகளியை அடுத்த ஒரு தரிசு நிலத்தில் சிறு கூட்டம். நடுவில் ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு பஸ்ஸில் போய் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பையன். தகப்பனார் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட கொத்தனார். விடுமுறை நாட்களில் கல்யாண மண்டபங்களில் பரிமாறிச் சேர்த்த காசில், ஏறத்தாழ 8,000 ரூபாய் செலவழித்து, பையன் ஒரு விமானம் செய்திருந்தான். நுரை அட்டையில் உடல். நாலடி இறக்கை. மூக்கில் பாட்டரி மோட்டார். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

விமானம் கிளம்பியது. இரண்டு வட்டம் அழகாக வந்தது. தகப்பனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் பெருமை தெரியாமல் பார்த்துக்கொண்டார். மூன்றாவது வட்டத்தில் அது சற்றுத் தள்ளிப் போய்த் திரும்பிற்று. அவ்வளவுதான். பையன் குச்சியை இழுத்தான், தள்ளினான், அது கேட்கவில்லை. மோட்டாரும் நிற்கவில்லை. முழு வேகத்தில் சாலையைத் தாண்டி, ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு மேலாகப் போய், ஒரு வாழைத்தோட்டத்தில் விழுந்தது. அங்கே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அம்மாளுக்கும் அதற்கும் பத்தடி தூரம்.

கூட்டம் உடனே தீர்ப்புச் சொல்லிற்று. “மலை மறைச்சிருச்சு” என்றார் ஒருவர். “மலிவு சாமான்” என்றார் மற்றொருவர். “ரேஞ்சு பத்தல. பெரிய ரிசீவரா வாங்கணும்” என்றான் ஒரு கல்லூரிப் பையன். இன்னும் மூவாயிரம் ரூபாய். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு “இனிமேல் வேண்டாம்” என்று அர்த்தம்.

மறுநாள் பையன் உடைந்த விமானத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போனான். நானும் கூடப் போனேன். அவர் விமானத்தைப் பார்க்கவேயில்லை. வயிற்றைத் திறந்து ரிசீவரைத் தேடினார். அது பாட்டரிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அதன் இரண்டு மெல்லிய கம்பிகளையும் பையன் அழகுக்காக மடித்து, மோட்டார் வயரோடு சேர்த்து, பாட்டரியின் விலாவில் டேப் போட்டு ஒட்டியிருந்தான்.

“ஏங்கண்ணு, இதுதானே ஏரியல்?”

“ஆமாங்கய்யா.”

“காதைக் கட்டிப் போட்டுட்டு, கூப்பிட்டா கேக்கலைன்னா எப்படி?”

விஷயம் அவ்வளவுதான். ரிசீவர் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணில் மட்டும் இல்லை. பெரும் பகுதி, அதைப் பொருத்துகிற கையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவன் கையில் கொடுங்கள்.

ஒரு மீட்டர் வாலிலிருந்து...

கம்பி இல்லாமல் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து ஓட்டலாம் என்று ஜனங்களுக்குக் காட்டியவர் நிகோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க் நகரின் மாடிஸன் ஸ்குவேர் கார்டனில், ஒரு தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, ரேடியோ அலையால் அதைத் திருப்பிக் காட்டினார். மாதிரி விமானத்துக்கு அந்த வித்தை ஏறக்குறைய 40 வருஷம் கழித்துத்தான் போயிற்று. அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை ரேடியோவால் ஓட்டி, 1938-ல் தேசியப் போட்டியில் வென்றார்கள்.

அதற்குப் பின் நெடுங்காலம் மாதிரி விமானங்களுக்கு ஒரு நீண்ட வால் இருந்தது. அதுதான் ஏரியல். அமெரிக்காவில் இதற்கு ஒதுக்கியிருந்த 72 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலு மீட்டருக்குச் சற்று அதிகம். ஏரியல் அதில் கால் பங்காவது இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். எனவே ஒரு மீட்டர் ஒயர். விமானத்தின் உடலிலிருந்து வெளியே வந்து வால் நுனிவரை போகும். அதைச் சுருட்டி உள்ளே வைப்பதும், நீளம் அதிகம் என்று வெட்டுவதும் அந்தக் காலத்திலேயே பெரிய குற்றங்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால், இரண்டு விமானங்களில் ஒன்றாவது கீழே விழும். அதற்காக மைதானத்தில் ஒரு பலகை வைத்து, அலைவரிசை எண் எழுதிய கிளிப்பை யார் வைத்திருக்கிறாரோ அவர்தான் பறக்கவிடலாம் என்று முறை வைத்திருந்தார்கள். குழாயடியில் குடம் வைத்து இடம் பிடிக்கிற கதைதான்.

இந்தத் தொல்லையைத் தீர்த்த யோசனையில் ஒரு சினிமா நட்சத்திரத்துக்குப் பங்கு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் சேர்ந்து 1942-ல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். யுத்தத்தில் டார்ப்பிடோவை ரேடியோவால் ஓட்டும்போது எதிரி அலையைக் கெடுக்காமல் இருக்க, அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் ஒரே தாளத்தில் அலைவரிசை மாறி மாறித் தாவ வேண்டும் என்பது அவர்கள் யோசனை. 2000-க்குப் பிறகு வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் சாதனங்களில் பல இந்தத் தாவல் முறையில்தான் வேலை செய்கின்றன. ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரை அடையாளம் வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இன்னொருவர் பறக்கவிட்டாலும் குரல் கலப்பதில்லை.

அலை சிறுத்தது, ஏரியலும் சிறுத்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 3.1 சென்டிமீட்டர். இரண்டு விரற்கடைக்கும் குறைவு. ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய கம்பியின் நுனியில், மேலுறை இல்லாமல் தெரிகிறதே, அந்த 3.1 சென்டிமீட்டர்தான் ஏரியல். மீதி நீளம் அலையை உள்ளே கொண்டுபோகும் வழி மட்டுமே. ஒரு மீட்டர் வால் இருந்த காலத்தில் ஒரு விரல் அகலம் மறைந்தாலும் பாதகமில்லை. இன்று ஒரு விரல் அகலம் மறைந்தால் பாதி காது போய்விட்டது.

கரும்பின் நுனி

இந்தச் சின்னக் கம்பி எப்படிக் கேட்கிறது? ஒரு கரும்பைக் கையில் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் முழு நீளமும் தெரியும். நுனியை நேரே கண்ணுக்கு நீட்டினால் ஒரு வட்டப் புள்ளிதான் தெரியும். ஏரியல் கம்பியும் அப்படித்தான். பக்கவாட்டில் வரும் அலையை நன்றாக வாங்கும். நுனிக்கு நேராக வரும் அலையை அநேகமாக வாங்காது. பழைய ரேடியோவைச் சுற்றிச் சுற்றி வைத்த ரகசியமும் ஏறக்குறைய இதுவே.

ரேடியோப் பெட்டி மேஜைமேல் அசையாமல் இருந்தது. விமானம் அப்படி இருக்குமா? திரும்பும், சாயும், குட்டிக்கரணம் போடும். ஒரே கம்பி என்றால் ஏதாவது ஒரு நிலையில் அதன் நுனி நம்மைப் பார்த்துவிடும். அந்தக் கணத்தில் விமானம் செவிடாகிவிடும். அதற்காகத்தான் பல ரிசீவர்களில் இரண்டு கம்பிகள் வைக்கிறார்கள். ஒன்று படுத்திருக்க வேண்டும், மற்றொன்று நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் ‘எல்’ எழுத்து மாதிரி 90 டிகிரி. ஒன்றின் நுனி நம்மைப் பார்த்தாலும் மற்றொன்றின் பக்கம் தெரியும்.

நம் பையன் செய்தது என்ன? இரண்டையும் ஒன்றாக மடித்து ஒட்டினான். இரண்டு காது இருந்தும் ஒரே திசையில் வைத்துவிட்டான். அதிலும் ஒரு பக்கம் பாட்டரியால் அடைபட்டது. முதல் இரண்டு வட்டத்தில் விமானம் பக்கத்திலேயே சுற்றியதால் குரல் எப்படியோ எட்டிற்று. மூன்றாவது வட்டத்தில் தூரமும் கூடிற்று, பாட்டரியும் குறுக்கே வந்தது. குரல் அறுந்தது.

வயிற்றுக்குள் குடித்தனம்

பொருத்தும் முறையை வரிசையாகச் சொல்லிவிடலாம்.

முதலில் பாட்டரி. மாதிரி விமானத்தில் கனமான சாமான் அதுதான். விழும்போது முன்னால் பாய்வதும் அதுதான். எனவே பாட்டரி முன்னால், ரிசீவர் அதற்குப் பின்னால். ரிசீவரை முன்னால் வைத்தால், விழுகிற வேகத்தில் பாட்டரி அதைச் சுத்தியல் மாதிரி அடிக்கும்.

இரண்டாவது, மெத்தை. எஞ்சின் வைத்த விமானமானால் அதிர்வு அதிகம். ரிசீவரை மெத்தென்ற நுரையில் சுற்றி வைக்க வேண்டும். இறுகக் கட்டக்கூடாது, இறுகினால் நுரையும் கட்டைதான். மின்சார மோட்டாரானால் அதிர்வு குறைவு. இரட்டைப் பக்கம் ஒட்டும் பஞ்சு டேப்பே பல சமயம் போதும். ஆனால் காற்றோட்டம் இல்லாமல் மூட்டை கட்டிவிடக்கூடாது. நம் பக்கத்து வெயிலில் ரிசீவரும் சூடாகும்.

மூன்றாவது, அண்டை வீட்டார். மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர்கள், மோட்டாரின் வேகத்தை மாற்றும் சாதனம், பாட்டரி ஆகியவற்றிலிருந்து ரிசீவரும் கம்பிகளும் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகியிருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் வைப்பவர்களுக்கு ஸ்பார்க் ப்ளக் பெரிய விரோதி. ஸ்கூட்டர் வாசலில் நின்றால் ரேடியோ இரைந்த காலம் நினைவிருக்கிறதா? அதே இரைச்சல்தான்.

நான்காவது, மறைப்பு. நுரை அட்டை, தக்கை மரம், பிளாஸ்டிக் ஆகியவை இந்த அலைக்கு ஜன்னல் மாதிரி. தாராளமாக உள்ளே விடும். உலோகத் தகடு சுவர். கார்பன் நாரும் சுவர்தான். இறக்கைக்குப் பலம் என்று கரிய கார்பன் குழாய் வைக்கிறார்கள், வைக்கட்டும். ஆனால் ஏரியலை அதன்மேல் ஒட்டக்கூடாது. உடலே கார்பனால் ஆனதென்றால், கம்பியின் நுனி வெளியே எட்டிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, கம்பியைக் காப்பாற்றுவது. நுனியை வெட்டக்கூடாது. கூர்மையாக மடிக்கக்கூடாது. இரண்டு சின்னப் பிளாஸ்டிக் குழல்களை, குளிர்பானம் உறிஞ்சும் குழலானாலும் சரி, 90 டிகிரியில் உடலுக்குள் ஒட்டி, கம்பியை அதற்குள் நுழைத்துவிட்டால் அது அசையாது. செலவு ஒன்றுமில்லை.

ஆறாவதை பலர் மறந்துவிடுகிறார்கள். அது சாப்பாடு. ரிசீவருக்கும், இறக்கை வால்களை அசைக்கும் ஸர்வோ மோட்டார்களுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் மின்சாரம் போகிறது. நாலு ஸர்வோவும் ஒரே சமயத்தில் இழுத்தால் வோல்டேஜ் இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் ரிசீவர் அணைந்து மறுபடி விழிக்கும். இடையில் போவது ஓரிரு விநாடிதான். ஆனால் தலைகீழாக இருக்கும் விமானத்துக்கு அது போதும். “ரேஞ்சு போச்சு” என்று புலம்புகிற விபத்துகளில் சில, உண்மையில் வோல்டேஜ் போன விபத்துகள். தளர்ந்த ஸாக்கெட்டும், பழைய பாட்டரியும் அதே வேலையைச் செய்யும்.

30 தப்படி

இத்தனையும் செய்தபின், சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பறக்கவிட்டுப் பார்ப்பது பரீட்சை அல்ல, அது சூதாட்டம். பரீட்சையைத் தரையிலேயே செய்யலாம்.

பழைய நாளில் டிரான்ஸ்மிட்டரின் நீண்ட ஏரியலை உள்ளே தள்ளிவிட்டு, விமானத்தைவிட்டு நடந்து போவார்கள். இப்போது பல டிரான்ஸ்மிட்டர்களில் அதற்கென்றே ஒரு ‘ரேஞ்சு செக்’ வசதி இருக்கிறது. அதைப் போட்டால் சக்தி மிகவும் குறைந்துவிடும். அந்த நிலையில் சுமார் 30 தப்படி நடந்து, ஒவ்வொரு குச்சியாக அசைக்க வேண்டும். நண்பர் ஒருவர் விமானத்தைத் தரையிலிருந்து தூக்கி, மூக்கு, வால், வயிறு என்று எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். எந்தப் பக்கம் காட்டினாலும் வாலும் இறக்கையும் தடுமாறாமல் அசைய வேண்டும். பிறகு விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மோட்டாரை ஓடவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் தடுமாறினால், கோளாறு ஒயர்களின் அண்டை வீட்டுச் சண்டை என்று அறியலாம்.

30 தப்படியில் கேட்டால் வானத்தில் எப்படிப் போதும் என்று கேட்கலாம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் நாலில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. எனவே உதாரணமாக, சக்தியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், தூரம் ஆயிரத்தில் ஒன்றாகக் குறையாது. சுமார் முப்பதில் ஒன்றாகத்தான் குறையும். குறைந்த சக்தியில் 30 மீட்டர் தாங்கினால், முழுச் சக்தியில் வெட்டவெளியில் 900 மீட்டர் வரும். நாலடி இறக்கை உள்ள விமானம் 400 மீட்டர் போனாலே, அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. ஆக, ஒழுங்காகப் பொருத்திய ரிசீவரின் காது, நம் கண்ணைவிடத் தூரம் போகும். பெரிய ரிசீவர் வாங்கு என்ற யோசனை எவ்வளவு வீண் என்பது இப்போது விளங்கும்.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தூரத்தை இரட்டிப்பாக்க நாலு மடங்கு சக்தி வேண்டும். ஆனால் மூடிக்கிடந்த ஏரியலைத் திறந்துவிடுவதற்கு ஒரு டேப்பைப் பிய்த்தால் போதும்.

தண்ணீர் போகும், அலை போகாது

மலை மறைத்தது என்று சொன்னவரையும் முற்றிலும் தள்ளிவிட முடியாது. அட்டப்பாடியில் வாழ்கிறவர்களுக்கு மலையின் குணம் தெரியும். சிறுவாணித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கோவைக்குப் போகிறது. ரேடியோ அலைக்கு அப்படி ஒரு சுரங்கம் கிடையாது.

பழைய மத்திய அலை வானொலியின் அலை நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். அது தரையைத் தழுவிக்கொண்டு, மேட்டையும் பள்ளத்தையும் ஓரளவு சுற்றிக்கொண்டு வரும். மாதிரி விமானத்தின் 12.5 சென்டிமீட்டர் அலைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அது ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். மேட்டுக்கு அந்தப் பக்கம் நிழல். நம் ஊரில் ஒரு வளைவில் பேசிக்கொண்டிருந்த கைப்பேசி அடுத்த வளைவில் ஊமையாகிவிடுவதும் இதனால்தான். ஈரமான மரக்கூட்டமும் இந்த அலையை விழுங்கும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் தோப்புக்குப் பின்னால் விமானத்தைக் கொண்டுபோவது கூடாது.

ஆகவே மலைநாட்டில் நிற்கும் இடம் முக்கியம். பள்ளத்தில் நின்று மேட்டுக்கு அப்பால் விடக்கூடாது. மேட்டில் நின்று, பறக்கும் இடம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி விட வேண்டும். கண்ணுக்கு மறைந்தால் அலைக்கும் மறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்மிட்டரின் ஏரியலையும் துப்பாக்கி மாதிரி விமானத்தை நோக்கி நீட்டக்கூடாது. கரும்பின் நுனிக் கதைதான் அதற்கும். அதைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். விமானத்துக்கு முதுகைக் காட்டவும் கூடாது. மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அதுவும் மறைப்புத்தான்.

கேட்காவிட்டால் என்ன செய்வாய்?

எல்லாம் செய்தும் ஒரு நாள் குரல் அறுந்துபோகலாம். அப்போது விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அதற்குச் சொல்லி வைக்க முடியும். ‘ஃபெயில்ஸேஃப்’ என்பது அதற்குப் பெயர். குரல் நின்றால் மோட்டாரை அணைத்துவிடு என்று ரிசீவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அது. ஐந்து நிமிஷ வேலை. செய்யாவிட்டால் சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கட்டளை ‘முழு வேகம்’ என்றால் முழு வேகம்தான். அன்று சாலையைத் தாண்டிப் போன விமானம் மோட்டார் நிற்காமல் போனதற்குக் காரணம் இதுதான். ஃபெயில்ஸேஃப் விமானத்தைக் காப்பாற்ற அல்ல. கீழே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் அம்மாளைக் காப்பாற்ற.

குரல் எட்டாத தூரம் போயும் பத்திரமாகத் திரும்பிய விமானம் இல்லையா என்றால், ஒன்று உண்டு. 2003 ஆகஸ்டில், கண்பார்வை மிகவும் மங்கியிருந்த 77 வயது அமெரிக்கர் மேனார்ட் ஹில் என்பவரின் மாதிரி விமானம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, 38 மணி நேரத்துக்கு மேல் பறந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கிற்று. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். எடை 5 கிலோவுக்குள். கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான் மனிதன் ரேடியோவால் ஓட்டினான். நடுவில் செயற்கைக்கோள் வழிகாட்ட, தானியங்கிக் கருவி ஓட்டிற்று. ரேடியோ எங்கே முடிகிறது என்பதை அந்த முதியவர் அறிந்திருந்தார். அங்கே வேறு ஏற்பாடு செய்து வைத்தார்.

குரோம்பேட்டையில் ஒரு பள்ளி

இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று நினைக்கிற பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை குரோம்பேட்டையில் ராஜம் அவர்கள் 1949-ல் நிறுவிய எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். அங்கே உருவான ‘தக்ஷா’ என்ற மாணவர் குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானங்களுக்கு நடந்த ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். மாதிரி விமானம் விடுவதில் அவருக்கு உள்ள ஈடுபாடு ரசிகர்கள் அறிந்ததே. என்.ஸி.ஸி.யின் விமானப் பிரிவிலும் மாதிரி விமானம் கட்டுவது பயிற்சியின் ஒரு பகுதி.

வயலுக்கு மருந்து தெளிக்கும் டிரோனிலும், நிலம் அளக்கும் டிரோனிலும், நம் பையனின் நுரை விமானத்திலும் இருப்பது ஒரே பாடம்தான்: ஏரியலை மறைக்காதே, சோதிக்காமல் கிளப்பாதே. இந்தப் பாடத்தைச் சரியாகக் கற்ற பிள்ளைக்கு நாளை வேலை கிடைக்கும் இடங்கள் பெருகிக்கொண்டு வருகின்றன.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டினோம். ஆளில்லா விமானங்களுக்கு 2021-ல் டிரோன் விதிகள் வந்தன. 250 கிராம் வரை ஒரு வகை, 2 கிலோ வரை அடுத்த வகை என்று எடைப்படி பிரித்திருக்கிறார்கள். வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று குறித்த இடங்களில் 400 அடி உயரம் வரை பறக்கவிடலாம். விமான நிலையம் போன்ற இடங்களின் அருகே கட்டுப்பாடு உண்டு. அகளியைப் பொறுத்தவரை முக்கியமானது காடு. சைலன்ட் வேலி பக்கமோ, வேறு வன எல்லையிலோ வனத்துறை அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடாது. யானைக் கூட்டத்தின் மேல் இரைந்துகொண்டு ஒரு பொம்மை பறந்தால் விளைவு விளையாட்டாக இராது.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியவர் புது ரிசீவர் வாங்கச் சொல்லவில்லை. நசுங்கிய பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே உடையவில்லை என்றார். பாட்டரியை முன்னால் தள்ளினார்கள். இரண்டு குழலை ‘எல்’ மாதிரி ஒட்டி, கம்பிகளை நுழைத்தார்கள். மூக்கை நுரை அட்டையால் புதிதாகச் செய்தார்கள். மொத்தச் செலவு 140 ரூபாய். அதில் பெரும்பகுதி பசைக்கு.

மூன்று வாரம் கழித்து, சாலையைவிட்டுத் தள்ளி வேறு ஒரு மேட்டில் கூடினோம். இந்தத் தடவை பையன் உடனே கிளப்பவில்லை. தகப்பனாரிடம் விமானத்தைக் கொடுத்து, “அப்பா, நான் சொல்றபோது ஒவ்வொரு பக்கமா திருப்பிக் காட்டுங்க” என்றான். 30 தப்படி எண்ணிக்கொண்டே நடந்தான். சிமென்டு காய்ந்த அந்தக் கைகள் விமானத்தைக் குழந்தையைப் பிடிப்பது மாதிரி பிடித்து, மூக்கைக் காட்டின, வாலைக் காட்டின, வயிற்றைக் காட்டின. ஒவ்வொரு முறையும் வால் அசைந்தது.

பிறகு டிரான்ஸ்மிட்டரை அணைத்தான். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தானாக நின்றது. தகப்பனார் திடுக்கிட்டுப் பார்த்தார்.

“நான் கூப்பிடறது அதுக்குக் கேக்கலைன்னா நின்னுக்கும்ப்பா” என்றான் பையன்.

அதைக் கேட்டபிறகுதான் அவர், “சரி, விடு” என்றார்.